ஆறு மில்லிமீட்டர்

"சொல்லாதடி. உன் கால்ல வேணா வுழறேன்" என்று அகிலாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள் அம்மா ருக்மணி.

அகிலா கையை உதறினாள். லேப்டாப்பை மார்போடு அணைத்திருந்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா ஆதிநாராயணன். இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"பூட்ற மனுசன்கிட்ட, நீ ஆயுசு பூரா பண்ணது தப்புன்னு சொல்லணுமா? நிம்மதியா பூட்டுமேடி."

"சித்தூர்ல இன்னிக்கும் ஸ்கேன் எடுத்துக்கினுதாம்மா இருக்காங்க."

ஆதிநாராயணன் கணிதப் பேராசிரியர். எக்ஸ்ரேயைக் கொஞ்சமாகப் பாய்ச்சி, எடுக்காத கோணங்களைக் கணக்கால் நிரப்பி, உடம்பின் முழுப் படத்தை வரவழைப்பது அவருடைய முப்பது வருஷ ஆராய்ச்சி. சித்தூரில் பழைய மாணவன் சுரேஷ்பாபு நடத்தும் ஸ்கேன் சென்டரில் அந்தப் புரோகிராம்தான் ஓடுகிறது. கதிர்வீச்சு கால்வாசி. படம் துடைத்துவைத்த மாதிரி.

போன வருஷம் முதல் ஆளாகத் தானே மெஷினில் படுத்தார். கல்லீரலில் ஒரு புள்ளி கிடையாது. அந்தப் பூரிப்பில் வழக்கமான ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பதினோராவது மாதம் கல்லீரல் முழுக்கப் புற்று.

அகிலாவும் கணக்குப் படித்தவள். நேற்று, அப்பா தன் லேப்டாப்பில் தனியாகச் சேமித்துவைத்திருந்த அந்தப் பழைய அளவுகளை எடுத்தாள். புரோகிராமில் பிசிறுகளை வழித்துச் சமனாக்கும் ஒரே ஒரு வரியை நீக்கிவிட்டு ஓட்டினாள். புள்ளி வந்தது.

உடனே சுரேஷ்பாபுவுக்குப் போன் போட்டாள். "சார் வாயால சொல்லட்டும் மேடம், நிறுத்திர்றேன். நீங்க சொல்லி எப்பிடி?" என்றான் அவன்.

அம்மாவைத் தாண்டிக் கதவைத் தள்ளினாள்.

"நைனா."

கண் திறந்தது. லேப்டாப்பைத்தான் முதலில் பார்த்தது.

"ஓட்டிப் பாத்தியா?"

"உம்."

"எத்தினி மில்லிமீட்டர்?"

"ஆறு."

அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். "எட்டா இருந்தா புரோகிராம் வுட்டிருக்காது" என்றார், பரீட்சைத் தாள் திருத்துகிற குரலில். ருக்மணி வாசலிலேயே நின்றாள்.

"சுரேஷுக்குப் போடு."

அகிலா போனை அவர் வாயருகே பிடித்தாள்.

"நிறுத்துப்பா."

"சார்... பதினாலு பேரு உக்காந்துக்கினு இருக்காங்க சார்."

"எழுப்பி அனுப்பு. இதுவரைக்கும் எடுத்த எல்லாரையும் திரும்பக் கூப்புடு. பழைய மாதிரி எடு." மூச்சு இழுத்தது. "என் பேரைச் சொல்லியே கூப்புடு."

மதியம் ஒரு மணிக்குள் அவர் உயிர் போய்விட்டது.

சாயங்காலம் சித்தூர் வீட்டுக்கு உடம்பு வந்தது. ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் அழுதார்கள். "எத்தினி உசிரக் காப்பாத்தின மகராசன்" என்று ஒரு கிழவி மாரடித்தாள். சுரேஷ்பாபு மாலையோடு வந்தான். கக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம். இதுவரை ஸ்கேன் எடுத்த அறுநூற்றுச் சொச்சம் பேரின் பெயர்கள், போன் நம்பர்கள். மெஷின் பழைய அளவுகளை வாரத்துக்கு ஒருமுறை அழித்துவிடுமாம். அத்தனை பேரும் நேரில்தான் வரவேண்டும்.

"பாதி நான் கூப்புடறேன் மேடம். நீங்க காரியமெல்லாம் முடிஞ்சதும்..."

"குடு" என்றாள்.

சமையலறையில், பற்றவைக்காத அடுப்பருகே தரையில் உட்கார்ந்து முதல் நம்பரை அழுத்தினாள்.

"லட்சுமம்மாங்களா? ஸ்கேன் சென்டர்லருந்து பேசறோம். ஆதிநாராயணன் சார் சொல்லச் சொன்னாரு. நீங்க இன்னொரு வாட்டி வந்து எடுத்துக்கணும்."

"எதுக்கும்மா? ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்குதுன்னாங்களே. அந்த சந்தோசத்துல மலைக்குப் போயி மொட்டை போட்டுக்கினு வந்தேன். முடிகூட இன்னும் மொளைக்கலயே."

கூடத்தில் ஒப்பாரி உச்சத்துக்கு ஏறியது.

"யாரும்மா அழுவறது?" என்றது போன்.

நிலைப்படியில் ருக்மணி நின்றிருந்தாள். மகளைப் பார்த்தாள், மடியில் கிடந்த காகிதக் கட்டைப் பார்த்தாள். உள்ளே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.