பவளத்தின் அபிப்பிராயம்

டிவியில் கடிதம் படிக்கிற அம்மா ஏகாம்பரத்தின் பெண்டாட்டி பெயரைச் சொன்னபோது அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் மரக்கூண்டுக்குள் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னால் ஊர் பாதி உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே போட்ட நாடகம் எப்படி, செய்திப்படம் எப்படி என்று ஜனங்கள் எழுதிப்போடும் கார்டுகளை வாரா வாரம் படித்துப் பதில் சொல்லும் நிகழ்ச்சி அது. "அடுத்து உத்திரமேரூர் வட்டத்திலிருந்து ஒரு நேயர். இதுவரை ஏகாம்பரம் என்பவர்தான் அங்கிருந்து எழுதுவார். இந்த முறை திருமதி பவளம் எழுதியிருக்கிறார்" என்று அந்த அம்மா சிரித்தாள். ஏகாம்பரம் உரித்த கடலையைக் கீழே போட்டுவிட்டுத் தோலை வாயில் போட்டுக்கொண்டார்.

பவளம் மாசி மாதமே செத்துப்போயிருந்தாள். இப்போது சித்திரை.

உண்மையைச் சொன்னால், அதற்குமுன் போன கார்டுகளும் பவளத்தினுடையவைதான். ஏகாம்பரத்துக்கு நாடகத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. உத்திரமேரூர் பஜாரில் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் தொழில். பகலெல்லாம் கம்பியைச் சுற்றிவிட்டு சைக்கிளில் வீடு வந்து, ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்பக் கேட்காத ஒரு டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், நாடகத்தில் முதல் ஆள் அழ ஆரம்பிப்பதற்குள் இவர் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். பக்கத்தில் பவளம் வெற்றிலை போட்டுக்கொண்டு கண் கொட்டாமல் பார்ப்பாள். முடிகிற சமயத்தில் தொடையில் ஒரு தட்டு. "யோவ், முடியப் போவுது, எழுந்துரு." இவர் கண்ணைத் திறக்காமல், "முழிச்சிக்கினுதான் கீறேன். நீ பாத்து சொல்லு" என்பார். நாடகம் நன்றாக இருந்தால் பவளம் விரலில் மிச்சமிருந்த சுண்ணாம்பை டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பொட்டாக வைப்பாள். ரொம்ப நன்றாக இருந்தால் இரண்டு. பிடிக்காவிட்டால் பொட்டு இல்லை. "பேஜாரு" என்று ஒரே சொல். விரலைத் தூணில் துடைத்துவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவளின் நோட்டுப் புத்தகம் அந்தச் சுவர்.

அவள் சொல்வதை மறுநாள் ஏகாம்பரம் கார்டில் எழுதுவார். சும்மா எழுதமாட்டார், சலவை செய்து எழுதுவார். "மாமியாக்காரி அழுவுறா, ஆனா கண்ணு கேமராக்காரனையே பாக்குது" என்று அவள் சொன்னால், "மாமியாராக நடித்தவரிடம் இயல்புத்தன்மை குறைவு" என்று கார்டு போகும். நெல் சாகுபடி பற்றி ஒரு செய்திப்படம் போட்டார்கள். நடவுக்குப் போகிறவளான பவளம் அதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, "அரைமணி நேரம் எங்க முதுகையே காட்டிட்டு முடிச்சிட்டான். மூஞ்சிய காட்டினா நெல்லு வெளையாதாமா?" என்றாள். அந்தக் கார்டைப் படித்தபோது நிலையத்தாரே மன்னிப்புக் கேட்டார்கள். மறுநாளிலிருந்து பஜாரில் இவருக்கு முதுகு ஏகாம்பரம் என்று பெயர். இவரும் பெருமையாக முதுகைக் காட்டிக்கொண்டு திரிந்தார். "எம்பேர ஒரு தபா போட்டா கை சுளுக்கிக்குமா?" என்று பவளம் கேட்டாள். "கார்டுல எடம் பத்தாதுடி" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

பெட்டிக்குள் அந்த அம்மா கார்டைத் தட்டுத்தடுமாறிப் படித்தாள். பட்டணத்து வாய்க்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை.

"அந்தச் சாவி தேடுற நாடகம் நல்லா… கீது. மொதல்ல பேஜாரா இருந்துச்சு, அப்பால புடிச்சிப்போச்சு. அந்தப் பொம்பள கடைசில சாவி கெடைக்காமயே கதவ சும்மா சாத்திட்டுப் போனா பாரு, அது கரெக்ட்டு. எங்கூட்டு ஆளு பாதியிலயே தூங்கிட்டாரு. எழுப்பிப் பாத்தேன், எழுந்துக்கல. இன்னா பண்றது, நானே பாத்துக்கினேன்."

வராந்தாவில் முதலில் கொல்லென்று ஒரு சிரிப்பு. பிறகு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். சாவி தேடுகிற நாடகம் எந்த நாள் வந்தது என்று ஊருக்கே தெரியும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான், தூங்குகிற புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, பவளத்தின் உயிர் போயிற்று. "நேயர் சொன்னதுபோல அந்த முடிவு பலருக்கும் பிடித்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை மாலை அதே நாடகம் மறுபடி ஒளிபரப்பாகும்" என்று அந்த அம்மா கைகூப்பினாள். ஏகாம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் அவர் ஒரு ஜோக் சொல்வார். வாயில் கடலைத் தோல் இருந்தது.

மறுநாள் காலையில் தபால்காரர் ஐசக் சைக்கிளில் வருவதற்காக ஏகாம்பரம் ஆலமரத்தடியில் காத்திருந்தார். கார்டைப் படிக்காமல் பைக்குள் போடுகிற பழக்கம் ஐசக்குக்கு இல்லை.

"ஐசக்கு, பவளம் பேர்ல ஒரு கார்டு போச்சாமே. யாரு போட்டது?"

ஐசக் சிரித்தார். "என்னையே கிண்டல் பண்றியாண்ணே? நீதான போட்ட."

"நானா?"

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சிது இல்ல? மறுநா காலைல. தபால் பெட்டியாண்ட நின்னுக்கினு இருந்த. கையில குட்த்த. உன் கையெழுத்துதான். படிச்சிட்டு, அண்ணே இந்த தபாதான் மனுசன் பேசற மாதிரி எழுதிக்கிறன்னு சொன்னேன். நீ பதிலே பேசல." ஐசக் பெடலில் காலை வைத்தவர் எடுத்துவிட்டார். "வாய் நெறைய வெத்தல. எப்பண்ணே பழகின அத?"

ஏகாம்பரம் வாழ்நாளில் வெற்றிலை போட்டதில்லை.

கடையில் உட்கார்ந்து காயில் சுற்றினார். இந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. எத்தனை சுற்று என்று கை தானே எண்ணிக்கொள்ளும். வாய் ஊர்க்கதை பேசலாம், மனசு எங்கேயோ போகலாம், இருநூற்று நாற்பதில் கை தானாக நிற்கும். முப்பது வருஷமாக அதைப் பற்றி ஒரு தரம்கூட யோசித்ததில்லை. இன்றைக்குத்தான், நான் சொல்லாமல் இந்தக் கை வேறு என்னவெல்லாம் செய்கிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, பாதி தூக்கத்தில் எழுதினேன் என்றே வைத்துக்கொள்வோம். துக்கத்தில் மனுசன் என்னவும் செய்வான். ஆனால் முடிவு? அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டுப் போனது இந்தக் கைக்கு எப்படித் தெரியும்? அந்த நாடகத்தில் சாவியைத் தேட ஆரம்பித்ததுகூட அவருக்குத் தெரியாது. பெயர் போடும்போதே தூங்கிவிட்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளிடம் போனார். தினமும் பவளத்தோடு உட்கார்ந்து நாடகம் பார்த்தவள் அவள்தான். அன்றைக்குப் பாதியில் எழுந்து போனாள்.

"பால் பொங்குதுன்னு ஓடினேன் மாமா. முடிவ நான் பாக்கல. சத்தியமா யாராண்டயும் சொல்லவும் இல்ல" என்றவள் முறத்தைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஒண்ணு சொல்லணும். ரெண்டு மாசமா நெஞ்சிலயே வெச்சிக்கினு கீறேன். அக்கா உன்ன கூப்பிட்டது எங்கூட்டுக்குக் கேட்டுச்சு. யோவ், முடியப் போவுது, எழுந்துருன்னு. ரெண்டு மூணு தபா."

"எப்பவும் கூப்பிடறதுதானே."

"அதான் நானும் நெனச்சேன். நாடகம் முடியப் போவுதுன்னு." முறத்தின் ஓரத்தைத் தடவினாள். "இப்பல்லாம் ராவிக்கு ரோசன பண்றேன் மாமா. எது முடியப் போவுதுன்னு சொல்லுச்சோ."

ஏகாம்பரம் திரும்பி வீட்டுக்கு நடந்தார். தான் அன்றைக்கு என்ன பதில் சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு அவர் விழித்திருக்கத் தேவையே இல்லை. வெள்ளிக்கிழமை வரட்டும் என்று நினைத்துக்கொண்டார். கார்டில் இருந்த முடிவும் நாடகத்தின் முடிவும் ஒன்றுதான் என்றால், பவளம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள், கூப்பிட்டது நாடகத்துக்காகத்தான். நிலையத்து அம்மா ஆமாம் என்று சொன்னது போதாது. தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். ஒரே ஒரு நாடகத்தையாவது முழுசாக.

வெள்ளிக்கிழமை மத்தியானமே கடையைச் சாத்தினார். ரெண்டு மாதமாகத் துணி போர்த்தியிருந்த பெட்டியைத் துடைத்தார். ஆன்டெனாவை ஏறித் திருப்பினார். சுவரில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்புப் பொட்டுகள். கடைசிப் பொட்டுக்குப் பக்கத்தில் வெறும் காரை. பவளத்தின் வெற்றிலைப் பெட்டி, இருவரும் உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. சுண்ணாம்பு டப்பியைத் திறந்து பார்த்தார். கல்லாக இறுகி, பாளம் பாளமாக வெடித்திருந்தது. நகத்தால் கீறினாலும் வரவில்லை. ஏனோ அது ஒரு நிம்மதியாக இருந்தது.

"வாயேன் சொக்கு, தொணைக்கு" என்று வேலியோரம் நின்று கூப்பிட்டார்.

"நான் வரல மாமா. நீயும் பாக்காத."

விளக்கு வைத்த பிறகு நாடகம் தொடங்கியது. ஏகாம்பரம் தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பச்சை மிளகாய் ஒன்றைக் கடித்துக்கொண்டு, சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாத இடமாகப் பார்த்துப் பலகையில் உட்கார்ந்தார். பக்கத்தில் வழக்கமாக விடுகிற இடத்தை விட்டார். "இன்னிக்கி தூங்கினா செருப்பால அடி" என்று அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். மிளகாய்க் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்க் காரத்தில்தான்.

ஒரு பெண் வெளியூர் கிளம்புகிறாள். பெட்டி படுக்கை கட்டியாயிற்று. வீட்டைப் பூட்டச் சாவி இல்லை. அஞ்சறைப் பெட்டியில் பார்க்கிறாள், அரிசிப் பானையில் கைவிட்டுத் துழாவுகிறாள், பாயை உதறுகிறாள். வாசலில் வண்டிக்காரன் முகம் தெரியாமல் முதுகைக் காட்டி நிற்கிறான், மணியை ஆட்டுகிறான். முதுகையே காட்டுறான் பாரு என்று ஏகாம்பரம் நினைத்தார். தனக்கும் ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டதே என்று ஆச்சரியமாக இருந்தது. அதைச் சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்பாமலே வாயைத் திறந்தார். வெற்றிலை வாசனை அடித்தது. பழகிய வாசனை, அதனால் அதில் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. வண்டி மணி ஆடிக்கொண்டே இருந்தது. அவள் மறுபடி அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். மறுபடி அரிசிப் பானை.

தொடையில் ஒரு தட்டு.

"யோவ், முடியப் போவுது, எழுந்துரு."

"முழிச்சிக்கினுதான் கீறேன்" என்றார் ஏகாம்பரம். "நீ பாத்து சொல்லு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. விலுக்கென்று நிமிர்ந்தார். பெட்டியில் ஒருவர் நெல்லுக்கு எத்தனை மூட்டை யூரியா என்று விளக்கிக்கொண்டிருந்தார். நாடகம் எப்போதோ முடிந்திருந்தது. தூங்கவில்லை என்று எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார். வேலிக்கு அந்தப் பக்கம் சொக்கம்மாள் வீட்டு விளக்கு சட்டென்று அணைந்தது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

சுவரைப் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. கடைசிப் பொட்டுக்குப் பக்கத்தில், வெறும் காரையாக இருந்த இடத்தில், புதிதாக இரண்டு பொட்டுகள். ஈரம் காயவில்லை. ஒன்றிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு கீழே வழிந்துகொண்டிருந்தது.

அவருடைய வலது கை மடியில் மூடிக் கிடந்தது. விரல் நுனியில் ஏதோ பிசுபிசுவென்று, லேசாக எரிந்தது. மிளகாயைக் கிள்ளிய கை, எரியத்தான் செய்யும். ஏகாம்பரம் அந்தக் கையை விரிக்கவில்லை. விரித்துப் பார்த்தால், பொட்டு வைத்தது அவளா இந்தக் கையா என்று தெரிந்துவிடும். எது தெரிந்தாலும் இந்த வீட்டில் இன்னொருவர் குறைந்துவிடுவார் என்று அவருக்குத் தோன்றியது. முஷ்டியை அப்படியே முழங்காலில் வைத்துக்கொண்டு, இடது கையால் டிவி மேலிருந்த கார்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். முதலில் அனுப்புகிறவர் பெயர். இடது கைக்கு எழுதிப் பழக்கமில்லை. 'ப' ஒரு பக்கம் சாய்ந்தது, 'வ' வயிறு பெருத்து வரியைத் தாண்டியது, 'ம்'மின் புள்ளி எங்கேயோ போய் விழுந்தது. இன்றைக்குத்தான் எழுதக் கற்றுக்கொண்டவர்கள் எழுதுகிற மாதிரி இருந்தது அது. கார்டில் இடம் நிறையவே இருந்தது.

"சரி" என்றார், பலகையில் விட்டிருந்த இடத்தைப் பார்க்காமல். "கடைசில இன்னா ஆச்சு, சொல்லு. நீ சொல்றாப்லயே எழுதறேன்."

பேனா முனை கார்டைத் தொட்டபடி நின்றது. சுவரில் சுண்ணாம்பு ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளே, வெள்ளையாகக் காய்ந்துகொண்டு வந்தது.