மூன்றாம் வார்த்தை யாருக்கு?

பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரசங்கிப்பது கோமானி ஊரில் எங்கள் சபை வழக்கம். ஆண்டவர் சிலுவையிலிருந்து தம் தாயிடம் 'இதோ, உன் மகன்' என்று சொன்ன மூன்றாம் வார்த்தையை இந்த வருஷம் நோக்வாகா கேட்டு வாங்கியிருந்தாள். ஜனவரியில் அவள் மகன் லுபாபாலோ பிளாட்டினச் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்தான். அடக்கத்தன்று அவளால் வாய் திறக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பேசிவிடுவேன் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை பெண்கள் ஜெபத்துக்கு எங்கள் மாதர் சங்கத்துச் சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக நாங்கள் கூடியபோது போதகர் வந்து நின்றார்.

"நோக்வாகாம்மா, மூணாவது வார்த்தைய கவுன்சிலர் மாப்பாசா ஐயா பேசட்டும். தேர்தல் வருதில்ல, கோயிலுக்குக் கூரை போட்டுத் தர்றேன்னிருக்கார்."

"அவரு யாரைப் பறிகொடுத்தாராம்?" என்று கேட்டேன்.

"நோசிபேலேம்மா, உங்க வாய்க்கு நான் வரலை. பொம்பளைங்க பாட்டைப் பாத்துக்கோங்க, போதும்."

நோக்வாகா வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். தகரக் கூரைக்காக ஒரு தாயின் துக்கத்தை விற்றுவிட்டு இந்த மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வருகிறது?

வெள்ளியன்று மூன்றாம் வார்த்தைக்குக் கவுன்சிலர் மேடை ஏறினார். ஆண்டவரின் தாய் மரியாளைப் பற்றி ஒரே வரி. பிறகு தார் ரோடு, குழாய்த் தண்ணீர், எதிர்க்கட்சிக்காரனின் திருட்டுத்தனம். போதகர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

எங்கள் ஊரில் பிரசங்கம் இழுத்தால் பெஞ்சிலிருந்து யாராவது பாட்டெடுப்பார்கள். எடுத்துவிட்டால் பேசுகிறவர் பிஷப்பானாலும் உட்கார வேண்டியதுதான். பாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே, பார்த்துக்கொண்டேன். நான் எடுத்ததும் சிவப்புச் சட்டைகள் மொத்தமும் எழுந்தன. தாளத்துக்கு வைத்திருக்கும் தோல் மெத்தையைத் தட்டினார்கள், மணி அடித்தார்கள். கவுன்சிலர் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக் கத்திப் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்தார்.

நோக்வாகாவை முன்னால் தள்ளிவிட்டோம். அவள் ஏறியதும் பாட்டை நிறுத்தினோம்.

"அந்தத் தாய்க்கு மகன் முகத்தைப் பாக்கவாவது கிடைச்சுது," என்றாள். "எனக்கு ஆணியடிச்ச பெட்டிதான் வந்துச்சு. திறங்கன்னு கெஞ்சினேன். சுரங்கக் கம்பெனி உத்தரவு, திறக்கக் கூடாதுன்னு மூடி மேல கைய வச்சிட்டு ஒருத்தர் நின்னார். உன் மகனைப் பாருன்னு இப்ப எனக்குப் பிரசங்கம் பண்ண வந்த இதே ஐயாதான்."

கவுன்சிலர் தொப்பியைத் தேடினார். போதகர் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

அவள் மதியம் தாண்டியும் பேசினாள். பாட்டெடுக்க ஒருவரும் எழவில்லை.