வலிக்கிற மாதிரி ஒரு குதி

மூன்று படங்களாக முகமூடி நாயகனுக்கு டூப் போட்டு மாடி மாடியாகக் குதித்தவர் அந்த ஸ்டண்ட் கலைஞர்தான். பழைய இயக்குநருக்கு எல்லாமே பளபளவென்று இருக்க வேண்டும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒரு முட்டி தரையில், நெஞ்சு நிமிர்ந்து, சிலை மாதிரி நிற்க வேண்டும். முகமூடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்று நின்று முட்டிதான் போயிற்று.

நாலாவது படத்துக்குப் புது இயக்குநர் வந்தார். சிவப்பு உடை சாம்பல் நிறமானது; செட்டில் பாதி விளக்கு அணைந்தது.

"இவனும் மனுஷன்தானே? விழுந்தா வலிக்கணும். அந்த வலி எனக்குத் தெரியணும்," என்றார்.

அப்பாடா, இனி மறைத்துத் தொலைக்க வேண்டாம் என்று டூப் குதித்தார். முட்டி சுளீரென்றது. முதல்முறையாகப் பல்லைக் கடிக்காமல் விட்டார். கால் தானாக இழுத்தது. கை தானாகச் சுவரைத் தேடியது.

மானிட்டரைப் பார்த்த இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப ஓவரா இருக்கே. வலின்னா என்னன்னே இவருக்குத் தெரியல போல. யாராவது செஞ்சு காட்டுங்கப்பா."

உதவி இயக்குநர் எழுந்து வந்து அழகாக நொண்டிக் காட்டினார். டூப் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கவனமாகப் பார்த்துக்கொண்டார்.