செல்லக்கனியின் கைவேலை

"சத்தம் போடாம வா. மாட்டி விட்டுட்டு இந்த வழியாவே வெளிய போயிரணும், என்ன?"

கொல்லைக் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு ஸ்ரீமதி மூச்சிரைக்கச் சொன்னாள். பட்டுச் சேலையில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. மகள் செல்லக்கனிக்கு அன்று நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் விருதுநகரிலிருந்து கிளம்பித் திருத்தங்கலைத் தாண்டிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, கூடத்தில் மேடைக்கு மேலே தொங்கிய பெரிய பூச்சரம் அறுந்து விழுந்துவிட்டது.

கொல்லையைக் கூட்டிக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் வேலை பார்க்கிறாள். கொல்லைக் கதவின் நிலைப்படியைத் தாண்டி ஓர் அடிகூட உள்ளே வைத்ததில்லை.

"பெரியம்மா இருப்பாகளே?"

"மதினி மாடியில நகை எடுத்துக்கிட்டு இருக்காக. அந்த முடிச்சு இங்க ஒருத்தனுக்கும் போடத் தெரியல செல்வி. லைட்டு மாட்ட வந்தவன் தொட்டான், இன்னும் ரெண்டு பூ உதிர்ந்து போச்சு. வா, வா."

அந்தப் பூக்கள் பாண்டிச்செல்வி செய்தவை. வேறு யாருக்கும் முடிச்சுப் போடத் தெரியாததில் அதிசயம் ஒன்றுமில்லை.

அவள் தாயில்பட்டிக் காலனியிலிருந்து தினமும் பஸ் ஏறிச் சிவகாசிக்கு வருகிறவள். கல்யாணமான மறுமாதத்திலிருந்து பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னியவள். ஒரு தீபாவளி சீசனில் பக்கத்து ஷெட்டில் பிடித்த தீ இவள் இருந்த ஷெட்டுக்கும் தாவியது. உயிர் தப்பியது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கம்பெனிக்குப் போய் நின்றாள். போர்மேன் அவள் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. "இந்தக் கைய வச்சுக்கிட்டு என்னத்தப் பின்னுவ? வீட்டுல இரு" என்றான்.

அதன் பிறகுதான் காலண்டர் அச்சடிக்கும் ராஜபாண்டியன் வீட்டில் வெளிவேலை கிடைத்தது. கொல்லை கூட்டுவது, மாட்டுத் தொழுவம் அள்ளுவது, அடைத்த சாக்கடையைக் குத்தி விடுவது. குடிக்கத் தண்ணீர் கேட்டால், ராஜபாண்டியனின் மனைவி ஸ்ரீமதி ஏதாவது காலியான பிளாஸ்டிக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கிணற்றடித் திட்டில் வைப்பாள். "குடிச்சிட்டு பாட்டில நீயே கொண்டு போயிரு" என்பாள். இவள் வாய் வைத்த பாட்டில் மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது. தம்ளர் என்றால் இவளுக்கென்று தனியாக ஒன்றை ஒதுக்கி வைக்க வேண்டும். அது பழைய காலத்து வழக்கம். நாலு பேர் பார்த்தால் தப்பாகப் பேசுவார்கள். ஸ்ரீமதி காலேஜில் படித்தவள். பாட்டிலில் அந்தத் தொந்தரவு ஏதும் இல்லை.

இப்படிக் கொண்டுவந்த பாட்டில்கள் குடிசையில் மூட்டையாகச் சேர்ந்தன. "எடைக்குப் போட்டுத் தொலை, கால் நீட்ட எடமில்ல" என்று அவள் புருஷன் முனியராஜ் சத்தம் போட்டான். ஒருநாள் அரிவாள்மனையில் ஒரு பாட்டிலின் அடிப்பக்கத்தை அறுத்துக் கவிழ்த்தாள். ஐந்து புடைப்புகள், ஐந்து இதழ்கள். அப்படியே ஒரு பூ. விளிம்பைக் கத்தரித்து, தீயில் லேசாகக் காட்டினால் இதழ் சுருண்டு உயிர் வந்துவிடும் என்று அவள் கைக்குத் தெரிந்தது. ஆனால் மெழுகுவர்த்தியை ஏற்ற மூன்று நாள் ஆனது. குச்சியை உரசுவாள், மருந்து சீறும், கை தானாக உதறிவிடும். நான்காம் நாள் பக்கத்து வீட்டு அய்யம்மாள் ஏற்றிக் கொடுத்தாள். அவளும் அதே தீயில் கால் வெந்தவள்.

ராஜபாண்டியனின் அச்சாபீஸிலிருந்து குப்பைக்கு வரும் மை டப்பாக்களின் அடியில் ஒட்டிக் கிடந்த சிவப்பையும் மஞ்சளையும் நீலத்தையும் சுரண்டி, மிச்ச வார்னிஷில் குழைத்துப் பூசினாள். பட்டாசுச் சரம் பின்னின பின்னலிலேயே பூக்களைக் கோத்தாள். ஒரு சரத்தைச் செல்லக்கனியிடம் காட்டியபோது அந்தப் பெண் துள்ளிக் குதித்தாள். "அம்மா, எனக்கு நிச்சயத்துக்கு வீடு முழுக்க இதுதான் வேணும்!"

பன்னிரண்டு சரம் ஆர்டர். இரண்டு மாத வேலை. பூக்கள் கொல்லைக்கு வந்த அன்று ஸ்ரீமதி அவற்றின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துப் போனாள்.

இப்போது கூடத்துக்குள் நுழைந்ததும் பாண்டிச்செல்விக்கு ஒரு கணம் எல்லாம் மறந்து போயிற்று. குடிசையின் மங்கல் வெளிச்சத்தில் செய்த பூக்கள் இங்கே நூறு விளக்குகளுக்கு நடுவே ஜொலித்தன. சிவப்புக்குள் மஞ்சள் புகுந்து ஆரஞ்சாக ஒளிர்ந்தது. 'நானா செஞ்சேன்?' என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டே ஸ்டூலில் ஏறினாள். அறுந்த இடத்தை இழுத்து முடிச்சுப் போட்டாள். உதிர்ந்த இரண்டு பூக்களையும் கோத்தாள். இறங்கக் கால் வைக்கும்போது மாடிப்படியில் குரல் வெடித்தது.

"யாரு அது? ஏட்டி, யாரக் கேட்டு உள்ள வந்த?"

ராஜபாண்டியனின் அக்கா தங்கத்தாய். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

பாண்டிச்செல்வி ஸ்ரீமதியைப் பார்த்தாள். ஸ்ரீமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நான் கதவுகிட்ட நிக்கச் சொன்னேன் மதினி. அவளா வந்துட்டா."

"அவளா வந்துட்டாளா? நல்ல காரியம் நடக்கிற எடத்துலயா? ஏலே, தண்ணிய எடுத்தாங்கலே! அவ நடந்த எடம் பூராவும் கழுவி விடுங்க. அந்த ஸ்டூலத் தூக்கி வெளிய போடுங்க!"

இரண்டு ஆட்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். பாண்டிச்செல்வி நின்ற இடத்திலேயே, அவள் காலடியிலேயே, தண்ணீரைக் கொட்டினார்கள். சேலைக் கரை நனைந்து பாதத்தில் ஒட்டியது. பயந்து ஓடிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கால் நகரவில்லை.

"பெரியம்மா, தரையக் கழுவுறீக, சரி. மேல தொங்குதே, அதுல நான் தொடாத பூ ஒண்ணு இருக்கா? அம்புட்டும் நான் வாய் வச்சுக் குடிச்ச பாட்டிலு. உங்க வீட்டம்மா குடுத்ததுதான்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தங்கத்தாயின் முகம் வெளுத்தது. "அவுத்து எறிங்கலே அத்தனையும்" என்று அவள் கையைத் தூக்கியபோது வாசலில் கார் ஹாரன் கேட்டது. ஒன்று, இரண்டு, வரிசையாக மூன்று கார்கள்.

"அக்கா, வந்துட்டாக" என்றார் ராஜபாண்டியன், வேட்டியைச் சரிசெய்தபடி. "இப்ப எதையும் அவுக்க வேணாம். சுவரு மொட்டையா நிக்கும். ஏம்மா, நீ போ. பின்னால போ."

பாண்டிச்செல்வி கொல்லைக்கு வந்து கிணற்றடியில் நின்றாள். கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. ரொம்ப நேரம் வரவேற்பும் சிரிப்பும் கேட்டன. பிறகு மாப்பிள்ளையின் தாய் பொன்னுத்தங்கத்தின் குரல்.

"இதெல்லாம் எங்க வாங்குனீக? எங்க விருதுநகர்ல இந்த மாதிரி பாத்ததே இல்லையே!"

"வாங்குறதாவது!" தங்கத்தாய்தான் பதில் சொன்னாள். குரலில் பெருமை பொங்கியது. "எல்லாம் எங்க செல்லக்கனி கைவேலை. பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்து செஞ்சா புள்ள."

"அப்படியா தாயி? நீயா செஞ்ச?"

பாண்டிச்செல்வி ஜன்னல் பக்கம் நகர்ந்து காதைக் கொடுத்தாள். அந்தப் பெண் இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று அவளுக்குத் தோன்றியது. முதன்முதலில் பூவைப் பார்த்துத் துள்ளிக் குதித்தவள் அல்லவா? உள்ளே வளையல் ஓசை மட்டும் கேட்டது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது மருமகள் கைவேலையை வீட்டில் மாட்ட வேண்டும் என்று பொன்னுத்தங்கம் இரண்டு சரங்களை அவிழ்த்து வாங்கிப் போனாள்.

அன்றோடு பாண்டிச்செல்வி அந்த வீட்டு வேலையை விட்டாள்.

"அவுக வீடு, அவுக என்னமும் சொல்லிட்டுப் போறாக. ஒனக்கென்ன வந்துச்சு?" என்றான் முனியராஜ்.

"நான் செஞ்சத நான் செஞ்சேன்னு சொல்லக்கூட ஆள் இல்லையே."

"சொன்னா மட்டும் என்ன, மாலை போடப் போறாகளா?"

பாண்டிச்செல்வி எழுந்தாள். ஆத்திரத்தில் பாட்டில் மூட்டையை எட்டி உதைத்தாள். பாட்டில்கள் குடிசை முழுக்க உருண்டன. அவற்றைப் பொறுக்கவும் அவளேதான் குனிய வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கத்தரியைத் தொடவில்லை. கடைசியில் அய்யம்மாள்தான் காலனி மகளிர் குழுவில் பேசி அவளை இழுத்து வந்தாள். தை மாதம் விருதுநகரில் குழுக்களின் கைவினைக் கண்காட்சி. டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம் என்று அலைந்து இருவருமாகப் பாட்டில் பொறுக்கினார்கள். பூச்சரம், தொங்கும் கிளி, மேசை விளக்கு என்று ஒரு சாக்கு நிறையச் செய்தார்கள்.

கண்காட்சியின் முதல் நாளே கூட்டம். பாண்டிச்செல்வி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்கள் பார்க்க ஒரு பூவை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ, இது நம்ம செல்லக்கனி செய்யிறதுல்ல? இங்க பாரு தாயி, அச்சு அசலா அப்படியே இருக்கு!"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தாள். பொன்னுத்தங்கம் ஒரு சரத்தைக் கையில் தூக்கி வைத்திருந்தாள். பக்கத்தில் செல்லக்கனி. கழுத்தில் புதுத் தாலிக்கொடி. பாண்டிச்செல்வியைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"நல்லா செஞ்சிருக்கீக" என்றாள் பொன்னுத்தங்கம். "யாரு சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு? எங்க மருமகளா?"

செல்லக்கனியின் கண்கள் கெஞ்சின. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பொன்னுத்தங்கம் மேசையில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு போவாள். பாண்டிச்செல்வி வெட்டுவதை நிறுத்திச் செல்லக்கனியைக் காட்டினாள்.

"அவுகளையே கேளுங்கம்மா."

"ஆமா அத்தை" என்றாள் செல்லக்கனி தரையைப் பார்த்து. "எங்க வீட்டுல வேலை பாத்தவ. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"பாத்தியா, எம்புட்டு நல்ல மனசு!" பொன்னுத்தங்கம் பக்கத்து மேசைக்காரிக்கும் கேட்கும்படி சொன்னாள். "பொழச்சுப் போகட்டும்னு தொழிலே சொல்லிக் கொடுத்திருக்கா எம் மருமக!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யம்மாள் வாயைத் திறந்தாள். பாண்டிச்செல்வி அவள் முழங்கையை அழுத்தினாள். பாதி வெட்டிய பூவையும் கத்தரியையும் செல்லக்கனி பக்கம் நீட்டினாள்.

"ரெண்டு இதழு பாக்கி தாயி. நீங்க சொல்லிக் கொடுத்தபடியே முடிச்சுக் குடுங்க. எனக்குக் கை வலிக்குது."

மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கனி வாங்கினாள். கத்தரியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வெட்டு வெட்டினாள். இதழ் குறுக்கே பிளந்து கீழே விழுந்தது. மேசையில் எரிந்த மெழுகுவர்த்தியில் காட்டினாள், பூ புகைந்து கருகி விரலில் ஒட்டியது. "ஆ" என்று உதறினாள். கண்ணில் நீர் முட்டியது.

பொன்னுத்தங்கம் மருமகளைப் பார்த்தாள். பாண்டிச்செல்வியின் ஒட்டிய விரல்களைப் பார்த்தாள்.

"நீ எந்த ஊரு?"

நீங்க என்பது நீ ஆகியிருந்தது.

"தாயில்பட்டிம்மா."

"தாயில்பட்டியில எந்தத் தெரு?"

"காலனி."

பொன்னுத்தங்கம் கையிலிருந்த சரத்தை மேசையில் வைத்தாள். முந்தானையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"சரி, அழாத" என்றாள் மருமகளிடம். "பெருமைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்ட, சின்னப் புள்ளதான, அதனால என்ன. வீட்டுக்குப் போன ஒடனே அந்த ரெண்டையும் கழட்டிக் கொளுத்தணும். பூஜை ரூம்லல்ல மாட்டி வச்சிருக்கேன், கர்மம்."

பொய்க்கு அரை நிமிஷத்தில் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அவர்கள் போன பிறகு, அய்யம்மாள் அந்தச் சரத்தை எடுத்து மறுபடி மாட்டினாள்.

"தாயில்பட்டின்னு சொல்லி நிறுத்தியிருக்கலாம்லக்கா. எதுக்குக் காலனின்ன?"

பாண்டிச்செல்வி கருகிய பூவைக் கீழே போட்டுவிட்டு வேறொரு பாட்டிலை எடுத்தாள். அதற்குள், தோளில் பை மாட்டிய ஒரு பெண்மணி மேசையில் குனிந்து சரத்தைத் தூக்கி, "அடடா, என்ன கலரு!" என்றாள்.

"அம்மா, வாங்குறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிருதேன்" என்றாள் பாண்டிச்செல்வி. "எம் பேரு பாண்டிச்செல்வி. இது தாயில்பட்டிக் காலனியில நான் செஞ்சது."

கண்காட்சி நடந்த மூன்று நாளும், வந்த ஒவ்வொருவரிடமும், அவர்கள் கேட்பதற்கு முன்பே அதைச் சொன்னாள். சிலர் வாங்கினார்கள். பலர் ஏதோ ஞாபகம் வந்தவர்களைப் போலப் பூவைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். நகர்ந்தவர்களின் முகத்தை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவர்களில் ஒருவர்கூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.