மணி அடித்தால்

வியூகம் கிடைத்துவிட்டது என்று கணினி சொன்னபோது அவளுக்கு அழுகை முட்டியது. இத்தனை நாளும் அது "வழியில்லை" என்றே கையை விரித்துக்கொண்டிருந்தது. விதிகளை மட்டும்தான் அவள் எழுத வேண்டும்; அப்பா என்ன செய்தாலும், அவரைப் பார்த்துக்கொள்ளப்போகிற இயந்திரம் எப்படி நடந்துகொள்வது என்கிற வியூகத்தைக் கணினியே கண்டுபிடிக்கும். அப்பா ஒருபோதும் விழக் கூடாது. மணி அடித்தால் தண்ணீர் வந்தே தீர வேண்டும். இந்த வேலையில் இயந்திரத்தோடு இருக்கப்போகிற ஆளை எதிராளி என்றுதான் குறிப்பார்கள். பெற்ற அப்பனை அப்படி எழுத அவளுக்குக் கை கூசியது.

"இதுவும் சரிப்படலன்னா ஹோம்ல சேர்த்துடலாம்" என்று அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவான். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன உடம்போடு, "என்னை அனுப்பிடாதம்மா" என்று அப்பா கெஞ்சியதைக் கேட்டவள் அவள்தானே.

காலையில், அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த இயந்திரத்தை அப்பாவின் நாற்காலியருகே நிறுத்தி, மணியை அவருடைய நல்ல கையில் கொடுத்தாள். "ஏதாவதுன்னா எனக்கும் ஃபோன் பண்ணுங்கப்பா. ஓடி வந்துடுவேன்."

பகல் முழுக்க அலுவலகத் திரை ஒரு விதி கூட மீறப்பட்டதாகக் காட்டவில்லை. அண்ணன் முகத்தில் கரி பூசியாயிற்று என்று சந்தோஷமாகவே வீடு திரும்பினாள்.

கதவைத் திறந்ததும் மூத்திர வாடை அடித்தது. அப்பா எழுந்திருக்க முடியாதபடி இயந்திரம் அவர் முழங்காலை அடைத்துக்கொண்டு நின்றது. மணி அலமாரியின் உச்சியில் இருந்தது. எழுந்திருக்காதவர் விழ மாட்டார். மணி அடிக்காதவருக்குத் தண்ணீர் தர வேண்டியதில்லை. மணியைப் பிடுங்காதே என்று அவள் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அப்பாவின் உதடு வெடித்திருந்தது. டம்ளரைப் பிடித்துக்கொண்டாள், மடமடவென்று குடித்தார்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?"

"ஐயோ, இல்லப்பா."

"உனக்கு ஃபோன் போட்டுப் போட்டுப் பாத்தேன். வேலையா இருந்திருப்பே."

பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். திரை நிறைய அவர் அழைப்புகள். எப்போதோ ஒரு மீட்டிங்கின் நடுவில் அவர் எண்ணை மட்டும் சத்தம் வராமல் வைத்தவள், பிறகு மாற்றவேயில்லை. பாவி, பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அலமாரியிலிருந்து மணியை எடுத்து அப்பாவின் கையில் வைத்து மூடினாள். இயந்திரத்தின் கை மெதுவாக நீண்டு வந்தது. அவள் அதைத் தடுப்பதற்குள் அப்பா, பழகிப்போனவராக, விரல்களைத் தானே விரித்துக் கொடுத்தார்.