நான்கு விரல் மடிப்பு

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்துவிட்டது. நோய் திரும்பாமலிருக்க ஐந்து வருடம் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை. விரல் மூட்டுகள் வலிக்கலாம் என்றார் டாக்டர். தையற்காரிக்கு விரல் வலித்தால் பிழைப்பு என்னாவது? ஒரு வாரமாக மாத்திரை அட்டை நூல்கண்டுகளுக்கு நடுவே பிரிக்கப்படாமல் கிடந்தது.

அவள் தைத்துக்கொண்டிருந்த மகளின் நீல ஸ்கூல் கவுன்மேல் மதிய வெயில் குளம்போல் தேங்கியிருந்தது. மெஷின் சத்தத்தில் கண் சொக்கியது. குளத்துக்குள்ளிருந்து மகள் அவளையும் மிஞ்சிய உயரத்தில் நடந்து வந்தாள்.

அக்கா தோளை உலுக்கினாள். "என்னடி இது, கீழ்மடிப்புல நாலு விரல் துணியா? அவ வளர வளர வருஷா வருஷம் யாரு பிரிச்சு விடுறதாம்?"

குனிந்து பார்த்தாள். கை தன்பாட்டுக்கு மடித்துத் தைத்திருந்தது.

"வேற யாரு? நான்தான்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, நூல்கண்டுகளுக்கு நடுவே துழாவினாள். "கொஞ்சம் தண்ணி கொண்டாக்கா."