இரண்டாம் எண் வளையம்

1974-ஆம் ஆண்டு செப்டம்பர் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நண்பகலுக்கு அரை நிமிடம் இருக்கும்போது ரெய்னோ ரவுட்டியோவின் இடது கணுக்காலில் ஓர் அலுமினிய வளையம் முளைத்தது. அன்று வடமேற்குக் காற்று, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, குன்றின் மேல் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வளையத்தில் ஒன்பது இலக்க எண் பொறித்திருந்தது. அரை நிமிடத்துக்கு முன் ரெய்னோவே ஒரு வல்லூறின் காலில் பூட்டிப் பறக்கவிட்ட வளையத்தின் எண்தான் அது. அவனுடைய பள்ளித் தோழன் கஸ் பெரிலுண்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, எண்ணில் பிழை ஏதும் இல்லை என்று சொன்னான். ரெய்னோவையும் சேர்த்துத் தெற்கே அனுப்பப் போகிறார்களோ என்று சிரிக்கவும் செய்தான்.

ரெய்னோவின் அக்கா லெம்பி எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, வாய் ரொம்ப நீளம். தம்பியின் காலைக் குனிந்து பார்த்தவள் ஒன்றும் பேசவில்லை. மற்றவர்கள் அதை அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவள் பயந்துபோயிருந்தாள்.

சுப்பீரியர் ஏரியின் வடகரையில் இருக்கிற எங்களுக்கு செப்டம்பர் என்றால் வல்லூறுதான். வடக்குக் காடுகளிலிருந்து இறங்கி வருகிற பறவைகள் ஏரியைக் கண்டதும் மிரண்டு, தண்ணீரைக் கடக்க மனமில்லாமல் கரையோரமாகத் திரும்பும். குன்றின் முகட்டில் வலை கட்டியிருப்பவன் மடியில் வந்து விழும். ரவுட்டியோ குடும்பம் ஆண்டுதோறும் அந்த மாதம் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, பலகை அடித்த குடிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தோல் சட்டை மாட்டிய புறாவைக் கயிற்றில் கட்டி, சுண்டி எழுப்பி, வல்லூறுக்கு ஆசை காட்டுவது லெம்பி. வலையில் சிக்கியதை எடுத்து, தலைகீழாகக் காப்பி டப்பாவுக்குள் செருகி வரிசையாக வைப்பது ரெய்னோவின் மனைவி ஐலி. அந்த டப்பாக்களுக்காகவே அவர்கள் வருஷம் முழுவதும் வயிறு புண்ணாகக் காப்பி குடித்தார்கள். சிறகை அளந்து ஆணா பெண்ணா என்று சொல்வது மறுபடியும் லெம்பி, பறவை எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்னால் தெரிவதற்காகக் குறடு பிடித்து எண் வளையம் பூட்டுவது ரெய்னோ, எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது கஸ். நகம் உள்ளங்கையில் இறங்கினால் கத்தக்கூடாது, கையை உதறவும் கூடாது. உதறினால் பிடி இறுகும். மனசுக்குள் எண்ண வேண்டும், எண்பதுக்குள் அதுவாகவே விட்டுவிடும். நால்வர் கையிலும் தழும்பு இல்லாத இடம் குறைவு.

இந்த வல்லூறில் ஆணுக்கு இரண்டாம் எண் வளையம், பெண்ணுக்கு அதைவிடப் பெரிய மூன்றாம் எண். பெண்தான் உருவத்தில் பெரியது. இதைக் கேட்டு எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் ஆச்சரியப்பட்டதில்லை. மடக்கிய சிறகு நூற்றெண்பது மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் ஆண், நூற்றுத் தொண்ணூறுக்கு மேலே என்றால் பெண், நடுவில் யாரும் பிறப்பதில்லை. அளந்தவர் குரல் கொடுத்தால் குறடு பிடித்தவர் கேள்வி கேட்கக் கூடாது என்பது குடிசையின் சட்டம். ஆனால் பதிவேட்டில் விழுகிற கையெழுத்து குறடு பிடித்தவருடையது. பிழை வந்தால் பழியும் அவருக்குத்தான்.

அன்று காலை லெம்பியும் கஸும் ஒரு பந்தயம் கட்டியிருந்தார்கள். நண்பகலுக்குள் நூறு பறவை சேராவிட்டால் குளிர்காலம் முழுக்க சவுனாவை, அதாவது வீட்டுப் பின்புறத்து நீராவிக் குளியலறையை, லெம்பி தேய்த்துக் கழுவ வேண்டும். சேர்ந்துவிட்டால் கஸ் கழுவ வேண்டும். தொண்ணூற்றொன்பதாவது பறவை போனபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. நூறாவது டப்பாவிலிருந்து வெளியே வந்ததும் லெம்பி அளவுகோலைத் தொடக்கூட இல்லை. "ஆணு, நூத்தி எழுபத்தி நாலு" என்று கத்தினாள். அது பெண். இரண்டாம் எண் வளையம் அதன் காலை நெரித்துக்கொண்டு பூட்டிக்கொண்டது. பறவை தெற்கே போயிற்று, வளையம் ரெய்னோவின் காலிலும் முளைத்தது.

சனிக்கிழமை சவுனாவில் எல்லாரும் பார்த்தார்கள். வளையத்துக்கு மூட்டும் இல்லை, விளிம்பும் இல்லை. ஒரு விரல் நகம் கூட உள்ளே நுழையவில்லை. கஸ் தன் பட்டறையிலிருந்து இரும்பு அறுக்கும் ரம்பம் கொண்டுவந்தான். மூன்றாவது இழுப்பில் ரம்பம் முறிந்தது, ரெய்னோவின் மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம் வந்தது. மறுநாள் அவர்கள் ரம்பத்தை விட்டுவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார்கள். வளையத்தின் இறுக்கத்தை வைத்து, பெண்ணுக்கு ஆண் வளையம் போட்டதுதான் காரணம் என்று கஸ் ஊகித்தான். பதிவேட்டில் ஆணின் சிறகு அளவு எழுதியிருப்பதால், லெம்பி அளந்த ஆணை விட்டுவிட்டு வேறு டப்பாவிலிருந்த பெண்ணுக்கு ரெய்னோதான் தவறிப் பூட்டியிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. லெம்பி அதை மறுக்கவில்லை. மறுக்காதது போதாதென்று, தேவாலயத்து வாசலில் பத்துப் பேர் முன்னால் தம்பியைப் பார்த்து அவனுக்குக் கண் பொட்டையா என்று கேட்டாள். கேட்டதைப் பிறகும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த செப்டம்பரில் அந்தப் பறவை திரும்பி வந்தது. கால் வளர இடமில்லாததால் மற்றதெல்லாம் வளர்ந்திருந்தது. ஒரு வாத்தின் அளவு இருந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று புறாக்களைக் கிழித்தது. கயிற்றின் நுனியில் தோல் சட்டைகளும், சட்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏதேதோவும் மிஞ்சின. அது குன்றைக் கடக்கிற வரை ரெய்னோ தரையில் கிடந்து காலைப் பிடித்துக்கொண்டு புரண்டான். 1976-இல் வான்கோழியை விடப் பெரிதாக வந்து, கஸின் நாயை முதுகெலும்பு உடையத் தூக்கி, ஏரியில் போட்டது. நாயை இழந்த கஸ், இனி துப்பாக்கிதான் வழி என்று சொல்ல, ரெய்னோ அவனை அடித்து இரண்டு பற்களைக் கழற்றினான். திங்கட்கிழமை இருவரும் பழையபடி காப்பி குடித்தார்கள்.

1977-இல் அது ஒரு கன்றுக்குட்டியைக் கொன்றது, தபால் வண்டியின் கூரையைப் பிளந்தது, விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரின் தலைத் தோலைத் தொப்பியோடு சேர்த்து எடுத்துப் போனது. ஊர் கூடி, கண்ட இடத்தில் சுடுவது என்று தீர்மானித்தது. யாரோ சுட்டார்கள். சிதறு குண்டுகள் இடது சிறகில் பட்டன. அதே நேரத்தில் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெய்னோவின் இடது தோள் பிளந்து, ஏழு ஈயக் குண்டுகள் உள்ளே தெரிந்தன. ஐலி தையல் ஊசியால் அவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அதன் பிறகு ஊரில் யாரும் சுடவில்லை. ரெய்னோ நல்ல மனிதன் என்று எல்லாருக்கும் தெரியும்.

1978 கோடையில் அவன் பாதம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. செப்டம்பருக்கு முன் காலை எடுக்காவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டான் என்றார் டாக்டர். எடுக்கச் சம்மதித்து ரெய்னோ ஆஸ்பத்திரிக்குப் போனான், ஆனால் அங்கே இருந்த கத்திகள் எல்லாம் அவன் தோலைத் தொட்டதும் மழுங்கின. வீட்டுக்கு வந்தவன், தன் கோடாரிக்கு மட்டும்தான் இது வெட்டுப்படும் என்று சொல்ல ஆரம்பித்தான். ஐலி கோடாரியை மாவு டின்னுக்குள் வைத்தாள், கிணற்றுக்குள் தொங்கவிட்டாள், கடைசியில் நாத்தனாரிடம் வந்து நின்றாள்.

"எங்க ஒளிச்சாலும் கண்டுபுடிச்சிடுறாரு அண்ணி. இப்ப விறகுக் கொட்டாய்ல ஒக்காந்து தீட்டிக்கிட்டிருக்காரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

லெம்பி போனபோது ரெய்னோ செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலை வெட்டுக்கட்டையின் மேல் ஏற்றி வைத்திருந்தான். கோடாரி தோளுக்கு மேலே இருந்தது.

"கீழ போடு அதை. ஓம் பிழை இல்லடா அது. நான் அளக்கவே இல்ல."

"என்னத்த அளக்கல?"

"செறக. வாய்க்கு வந்தத ஆணுன்னு கத்துனேன். நூத்தி எழுபத்தி நாலுன்னு கஸ் எழுதுனது நான் சொன்ன பொய்."

ரெய்னோ வீசிய கோடாரி அவள் காதோரத்து முடியை ஒரு கொத்து அறுத்துக்கொண்டு போய்க் கதவு நிலையில் குத்தி நின்றது. அவள் நகரவில்லை.

"நாலு வருசமா எனக்குக் கண்ணு பொட்டையான்னு கேட்டியேக்கா."

"கேட்டேன்."

"எதுக்கு?"

"நூறாவது பறவைடா. ரெண்டு நிமிசம்தான் இருந்துச்சு."

"சவுனா கழுவப் பயந்துக்கிட்டா?"

"ஆமாடா."

ரெய்னோ முதலில் சிரித்தான். சிரிப்பு அழுகையாக மாறி, அழுகை அடங்கியதும் எழுந்து நொண்டிக்கொண்டு வந்து, உதடு கிழியும்படி அவளை அறைந்தான். நான்கு வருஷத்தில் முதல் முறையாக லெம்பிக்கு நெஞ்சு லேசாயிற்று. அந்த அறையை அவள் பிறகு எத்தனையோ தரம் நன்றியோடு சொல்லியிருக்கிறாள்.

மறுநாளே அவள் பழைய குதிரைச் சேணத்தைப் பிரித்து, புறாவுக்குத் தைக்கிற அதே வெட்டில் தனக்கு ஒரு தோல் சட்டை தைத்துக்கொண்டாள். முதுகில் கயிறு கோக்க வளையமும் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. ஐலி மட்டும் கழுத்துப் பக்கம் இரட்டைத் தையல் போடச் சொன்னாள். செப்டம்பர் பதினெட்டாம் தேதி வடமேற்குக் காற்று எழுந்தது. லெம்பி வலைகளுக்கு நடுவே, புறா உட்காரும் இடத்தில், புல்லில் குப்புறப் படுத்தாள். கஸ் குடிசைக்குள்ளிருந்து கயிற்றைச் சுண்டினான். சுண்டும்போதெல்லாம் அவள் இரண்டு கையையும் அடித்து எழும்பி விழுந்தாள். இத்தனை வருஷம் புறாக்களை எப்படிப் படுத்தினோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பறவை பதினோரு மணிக்கு வந்தது. முகட்டின் மேல் அதன் நிழல் விழுந்து, குடிசைக்குள் கஸால் தன் கையில் இருந்த கயிற்றையே பார்க்க முடியவில்லை. முதல் அடியில் லெம்பியின் தோள்பட்டை எலும்பு முறிந்தது, இரண்டாவதில் இடது கண் போயிற்று. நகம் சேணத் தோலைத் துளைத்து முதுகில் இறங்கியபோது அவள் கத்தவில்லை, உதறவுமில்லை. எண்ணினாள். இருபதில் ஒருக்களித்துப் புரண்டாள், முப்பதில் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பறவையின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தாள். அந்தக் கால்கள் விறகுக் கட்டை கனம் இருந்தன. ஐலி வலையோடு பாய்ந்து தலைமேல் விழுந்தாள், அவளுடைய மூன்று விலா எலும்புகள் அங்கே போயின. கஸ் ஒரு சிறகின் மேல் குதிரையேறி உட்கார்ந்தான், அது அவனை இரண்டு தரம் தூக்கி எறிந்தும் திரும்ப வந்து உட்கார்ந்தான். புல்லெல்லாம் ரத்தம். அதில் பறவையின் ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

ரெய்னோ குறட்டோடு தவழ்ந்து வந்தான். சதைக்குள் புதைந்த வளையத்தைக் குறட்டின் வாயில் கவ்வினான், ஆனால் திறக்கவில்லை.

"மொதல்ல அளந்து சொல்லுக்கா."

முகத்தில் பாதி ரத்தமாக, லெம்பி ஒரு கையால் கால்களை விடாமல் மறு கையால் அளவுகோலை வாங்கினாள். முப்பது சென்டிமீட்டர் கோலை ஏழு தரம் மாற்றி மாற்றி வைத்துச் சிறகை அளந்தாள். அவ்வளவு நேரமும் பறவை அவள் முதுகுச் சதையைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

"பொண்ணு" என்றாள்.

குறடு திறந்தது. வளையம் கழன்று புல்லில் விழுந்தது, ரெய்னோவின் கணுக்காலிலிருந்தும் இன்னொன்று விழுந்தது. லெம்பியின் கையில் புறா அளவுக்குச் சற்றுக் குறைவான ஒரு சாதாரணப் பெண் வல்லூறு இருந்தது. அவள் மறுபடியும் அளந்தாள், சிறகு நூற்றுத் தொண்ணூற்றாறு. வளையம் இல்லாமல் எந்தப் பறவையையும் விடுவதில்லை என்பதால் ரெய்னோ மூன்றாம் எண் வளையம் எடுத்துப் பூட்டினான். அது தளர்வாகச் சுழன்றது. பறவை தெற்கே போயிற்று. தையல் போட ஆஸ்பத்திரியில் லெம்பியின் காலுறையைக் கழற்றியபோது, அதே புது எண்ணோடு ஒரு வளையம் அவள் இடது கணுக்காலில் இருந்தது. ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. டாக்டர் ரம்பம் வேண்டுமா என்று கேட்டார். லெம்பி, அளவு சரியாக இருக்கிறது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, ஒற்றைக் கண்ணோடு, யாரும் கேட்காமலே அவள் சவுனாவைக் கழுவினாள். ரெய்னோவின் பாதம் ஈஸ்டருக்குள் பழைய நிறத்துக்கு வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு நாள், காற்று திரும்பியதும், லெம்பியின் வளையம் வெதுவெதுப்பாகித் தானாக ஒரு சுற்றுச் சுற்றும். பறவை குன்றுக்கு மேலே போகிறது என்று பொருள். அதைப் பிடிக்க அவர்கள் வலையை இழுப்பதில்லை. ரெய்னோ அக்காவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து எண்ணைப் படிப்பான், கஸ் பதிவேட்டில் 'மீண்டும் பிடிபட்டது' என்று எழுதுவான். சிறகு அளவு என்கிற கட்டம் வந்ததும் கஸ் பேனாவை நிறுத்திக் காத்திருப்பான். லெம்பி கையை நீட்டுவாள். ரெய்னோ முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை கோலை வைத்து, ஒரு முறைக்கு இரு முறை அளந்த பிறகுதான் பெண் என்று குரல் கொடுப்பான்.